மூத்த மகளா, இளைய மகளா? – ஷேக்ஸ்பியரின் வோரிக் பிரபுவை மீள வாசித்தல்

தேர்தல் நெருங்கினால் நமது பத்திரிகைகளுக்குப் பிடித்துப்போகும் சொல் ஒன்று உண்டு: 'கிங் மேக்கர்'. தான் ஆள முடியாது; ஆனால் யார் ஆளுவது என்பதைத் தீர்மானிக்கும் பலம் உள்ளவர் என்பது அதன் கருத்து. பெருமையாகவே அதைச் சொல்கிறோம். இந்தப் பட்டம் வரலாற்றில் யாருக்கு ஒட்டிக்கொண்டது, அவருடைய முடிவு என்னவானது என்று யாரும் கேட்பதில்லை. அவர் 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரிச்சட் நெவில் என்ற வோரிக் பிரபு. ஓர் அரசனை ஏற்றினார், அவனையே இறக்கினார், முன்பு தானே இறக்கிய அரசனை மீண்டும் ஏற்றினார். பிறகு ஒரு காலைப்பொழுதில், 42 வயதில், வெட்டுப்பட்டுச் செத்தார்.

உயர்தர வகுப்பில் வரலாற்று நாடகம் பற்றிப் பேசும்போது நான் வழக்கமாக எடுக்கும் உதாரணம் ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' மூன்றாம் பாகம். அதிலே வோரிக் கட்சி மாறும் காட்சியைக் கதையாகச் சொல்லி, "பாத்திர மாற்றம் ஒரு கணத்தில் நிகழ்வதைப் பாருங்கள்" என்பேன். பத்து வருஷத்துக்கு மேலாக எனது குறிப்புக் கொப்பியில் ஒரு வரி இருந்தது: 'வோரிக்: அவமானம் தாங்காமல் கட்சி மாறியவன்.' போன தவணை அந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்:

"டீச்சர், வாப்பாதான் மகளக் குடுக்கிறன் என்டு சொல்றார். அந்தப் புள்ளைகள்ட உம்மா எங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "நாடகத்தில் இல்லை" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். ஆனால் கேள்வி வீடு வரைக்கும் கூட வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

1

முதலில் குடும்பத்தைச் சொல்ல வேண்டும். நெவில்கள் இங்கிலாந்தின் வடபகுதிப் பிரபுக்கள். 1397இல் வெஸ்ட்மோலண்ட் பிரபுவாக உயர்த்தப்பட்ட ரால்ஃப் நெவிலுக்கு இரண்டு தாரத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இரண்டாந்தாரம் ஜோன் போஃபோர்ட், நான்காம் ஹென்றியின் ஒன்றுவிட்ட சகோதரி, அதாவது தகப்பன் ஒருவர், தாய் வேறு. அரச இரத்தம் கலந்த இந்த இரண்டாந்தாரத்துப் பிள்ளைகளுக்கே சொத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது. மூத்த தாரத்து வழியினருக்குப் பட்டம் மட்டும் மிஞ்சியது. அரியணைக்கு வாரிசு யார் என்று நாடு அடித்துக்கொள்வதற்கு முன்பே, இந்த வீட்டுக்குள் வாரிசுச் சண்டை தொடங்கிவிட்டது.

ரால்ஃபின் கெட்டித்தனம் கல்யாணம் பேசுவதில் இருந்தது. தகப்பனை இழந்த சிறுவனான யோர்க் கோமகன் ரிச்சட்டின் பராமரிப்பு உரிமையை 1423இல் 3000 மார்க் கொடுத்து வாங்கினார். அடுத்த வருஷமே தன்னுடைய ஒன்பது வயது மகள் சிசிலியை அவனுக்கு நிச்சயம் செய்தார். மற்ற மகள்மாருள் ஒருத்தி நோர்ஃபோக் கோமகனுக்கு, ஒருத்தி பக்கிங்காம் கோமகனுக்கு, ஒருத்தி நோர்தம்பலண்ட் பிரபுவான பெர்ஸிக்கு. அரண்மனைக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நெவில் மருமகன் இருக்க வேண்டும் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கின் விளைவு 1455 மே 22இல் சென் ஆல்பன்ஸ் தெருக்களில் தெரிந்தது. யோர்க்கின் பக்கம் சண்டை செய்தவர்கள் ரால்ஃபின் மகன் சால்ஸ்பரிப் பிரபுவும், பேரன் வோரிக்கும். எதிரே அரசன் ஆறாம் ஹென்றியின் பக்கம் நின்றவர்கள் ரால்ஃபின் மருமகன்மார். நோர்தம்பலண்ட் அங்கேயே கொல்லப்பட்டார். பக்கிங்காம் காயப்பட்டார், ஐந்து வருஷத்துக்குப் பிறகு நோர்தம்டன் சண்டையில் அவரும் போனார். 'ரோஜாக்களின் போர்' என்று பாடப்புத்தகத்தில் அழகாகப் படிக்கிறோம். உள்ளே பார்த்தால் அது மச்சான்மார் சண்டை.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. ஷேக்ஸ்பியரின் பிரபுக்கள் எல்லோரும் எல்லோரையும் 'கசின்' என்கிறார்கள்; யார் யாருக்கு என்ன முறை என்பது அந்தச் சொல்லுக்குள் அமிழ்ந்துபோகிறது. நமது முறைப்பெயர்களில் வைத்துப் பாருங்கள். யோர்க், வோரிக்கின் மாமா. தகப்பனின் தங்கையைக் கட்டியவர். யோர்க்கின் மகனான நான்காம் எட்வேர்ட் வோரிக்கின் மாமி மகன், அதாவது மச்சான். வோரிக் அரசனாக்கியது தன் மச்சானை. சண்டை பிடித்ததும் மச்சானோடுதான்.

2

'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் ஒரு தோட்டக் காட்சி வருகிறது. இராச்சாப்பாடு முடிந்த பிறகு யோர்க், சால்ஸ்பரியையும் வோரிக்கையும் வைத்துக்கொண்டு தன் வம்சாவளியை ஒப்புவிக்கிறார். மூன்றாம் எட்வேர்டின் மூன்றாவது மகன் லயனலின் வழி தனது தாய்வழி. ஆளுகின்ற லங்காஸ்டர் குடும்பமோ நான்காவது மகன் ஜோனின் வழி. ஆகவே உரிமை தனக்கே என்பது வாதம். கேட்டு முடித்ததும் தகப்பனும் மகனும் முழந்தாளிட்டு அவரை அரசரே என்கிறார்கள்.

வாதம் முழுவதும் ஒரு பெண்ணின் வழியாக வரும் உரிமை பற்றியது. ஆனால் முழந்தாளிடும் சால்ஸ்பரியின் சொந்தத் தங்கைதான் யோர்க்கின் மனைவி என்ற சங்கதி அந்தக் காட்சியில் பேசப்படவே இல்லை. நியாயத்தைக் கேட்டு மனம் இணங்கிய இரண்டு நடுநிலையாளர் போல அவர்கள் நிற்கிறார்கள். தங்கையின் புருஷனை அரசனாக்கப் போகும் அண்ணன் என்று தெரிந்தால் அந்த முழந்தாளுக்கு வேறு அர்த்தம் வரும்.

இன்னொன்றும் உண்டு. அதே நாடகத்தின் தொடக்கத்தில் பிரான்ஸின் மாகாணங்கள் கைவிட்டுப்போனதற்காக வோரிக் குமுறுகிறார். தன் கையால் வென்ற மண் என்கிறார். பிரெஞ்சுப் போரில் பேர் எடுத்தவர் இந்த வோரிக் அல்ல, இவருடைய மாமனார் ரிச்சட் போஷம்ப், முன்னைய வோரிக் பிரபு. ஷேக்ஸ்பியர் இருவரையும் ஒருவராக்கிவிட்டார் என்று ஆய்வாளர்கள் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பிழை என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பிழை எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு வோரிக்குகளுக்கும் நடுவில் ஒரு பெண் இருக்கிறார். போஷம்பின் மகள் ஆன். நெவில்களும் போஷம்ப்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ஆனின் அண்ணன் செத்து, அவருடைய குழந்தையும் 1449இல் செத்தபோது, வோரிக் பட்டமும் நிலமும் ஆனுக்கு வந்தன. அவரைக் கட்டியிருந்த படியால்தான் ரிச்சட் நெவில், வோரிக் பிரபு ஆனார். அரசர்களை ஆக்கியவரை ஆக்கியது மனைவியின் சொத்து. மாமனாரையும் மருமகனையும் ஒன்றாக ஒட்டினால் நடுவில் இருந்த மனைவி காணாமற்போவது தவிர்க்க முடியாதது.

என் மாணவி தேடிய உம்மா அவர்தான்.

3

இனி அந்தப் புகழ்பெற்ற மாற்றத்துக்கு வருவோம். நாடகத்தின்படி 1461இல் எட்வேர்ட் அரசனாகிறான். அவனுக்குப் பிரெஞ்சு அரசனின் மைத்துனி போனாவைப் பெண் கேட்டு வோரிக் பிரான்ஸுக்குப் போகிறார். அந்தச் சபையிலே நாடிழந்த அரசி மார்கிரட்டும் உதவி கேட்டு நிற்கிறாள். சம்பந்தம் கைகூடும் நேரம் கடிதங்கள் வருகின்றன: எட்வேர்ட், எலிசபெத் வூட்வில் என்ற விதவையைக் கட்டிக்கொண்டான். வோரிக்கின் முகம் மாறுகிறது. அதே இடத்தில் எட்வேர்டை உதறுகிறார். மார்கிரட்டோடு சேருகிறார். நம்பிக்கைக்கு ஈடாகத் தன் மூத்த மகளை அவளுடைய மகனுக்குத் தருவதாகச் சொல்கிறார்.

அரங்கில் இது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஒரே சபையில் தூதும் துரோகமும் சம்பந்தமும். நடிகனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் நடந்தது என்ன?

எட்வேர்ட் இரகசியமாகக் கல்யாணம் முடித்தது 1464 மே மாதம். செப்டெம்பரில் ரெடிங் நகரத்தில் கூடிய சபையில் அதை வெளியிட்டான். வோரிக் அப்போது பிரான்ஸில் இல்லை, இங்கிலாந்தில் இருந்தார். புது அரசியைச் சபைக்குக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர்களில் அவரும் ஒருவர். வெளிப்படையாகக் கிளம்பியது 1469இல். ஐந்து வருஷம்! அந்த ஐந்து வருஷத்தில் அரசியின் சகோதர சகோதரிகளுக்கு நாட்டின் நல்ல சம்பந்தங்கள் எல்லாம் போயின. அரசியின் தம்பி, இருபது வயதை ஒட்டிய பையன், நோர்ஃபோக் கோமகனின் கிழ விதவையைக் கட்டினான். அவர் வோரிக்கின் சொந்த மாமி, அறுபதைத் தாண்டியவர். 1467இல் வோரிக்கின் தம்பி ஜோர்ஜ் அதிமேற்றிராணியாரிடமிருந்து அரச முத்திரை பறிக்கப்பட்டது. 1468இல் அரசனின் தங்கை, வோரிக் விரும்பாத பேர்கண்டிக்கு மருமகளாய்ப் போனாள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வேறு. வோரிக்குக்கு ஆண்பிள்ளை இல்லை. இசபெல், ஆன் என்று இரண்டு மகள்மார் மட்டும். உலகத்தில் உள்ள நிலமெல்லாம் அவர்களுக்கு. அவர்களுக்கேற்ற மாப்பிள்ளைமார் இங்கிலாந்தில் இருவரே இருந்தார்கள்: அரசனின் தம்பிமாரான கிளாரன்ஸும் குளோஸ்டரும். எட்வேர்ட் அந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. அன்றைக்கு எட்வேர்டுக்கு ஆண்வாரிசு பிறந்திருக்கவில்லை. கிளாரன்ஸ் வோரிக்கின் மருமகனானால் அரியணை ஓர் எட்டுத் தூரம். 1469 ஜூலை 11இல் அரசனின் சொல்லை மீறி, கலே நகரத்தில் இசபெல்லை கிளாரன்ஸுக்கு முடித்துக் கொடுத்தார் வோரிக். பிறகுதான் வாளை எடுத்தார்.

ஆக, நாடகத்தில் கட்சி மாறிய பிறகு மகளின் கல்யாணம் வருகிறது, ஒரு பிணைப்பணம் போல. வரலாற்றில் மகள்மாரின் கல்யாணம் மறுக்கப்பட்டதே கட்சி மாறியதற்கான காரணங்களில் ஒன்று. காரணம் காரியமாகிவிட்டது, காரியம் காரணமாகிவிட்டது. நூற்றிருபது வருஷம் கழித்து, ஹோலும் ஹொலின்ஷெட்டும் எழுதிய பழைய வரலாறுகளை வைத்துக்கொண்டு எழுதிய நாடகாசிரியருக்கு இந்தச் சுருக்கம் தேவைப்பட்டது. அதற்காக நான் வழக்குப் பேசவில்லை. எனது முறைப்பாடு இதுதான்: சுருக்கத்தில் வோரிக்கும் சிறுத்துவிட்டார். ஐந்து வருஷம் பொறுத்து, கணக்குப் பார்த்து, மகள்மாரின் எதிர்காலத்தையும் தன் பேராசையையும் பிரித்தறிய முடியாத நிலைக்கு வந்த ஒரு மனிதன் எவ்வளவு பெரிய பாத்திரம்! நமக்குக் கிடைத்ததோ, ஒரு கடிதத்தைப் பார்த்துக் கோபப்பட்டவர்.

4

மூத்த மகளா, இளைய மகளா என்பதற்கு வருகிறேன். நாடகத்தில் இளவரசனுக்கு மூத்தவள், கிளாரன்ஸுக்கு இளையவள். உண்மை நேர்மாறு. கிளாரன்ஸைக் கட்டியவள் மூத்தவள் இசபெல். 1470 டிசம்பரில் பிரான்ஸின் அம்புவாஸ் கோட்டையில் மார்கிரட்டின் மகனைக் கட்டியவள் இளையவள் ஆன். அப்போது அவளுக்கு 14 வயது. அடுத்த நாடகமான 'மூன்றாம் ரிச்சட்'டில் ஷேக்ஸ்பியரே ஆனை வோரிக்கின் இளைய மகள் என்கிறார். முந்திய நாடகத்தின் மூத்தவள் அடுத்த நாடகத்தில் இளையவளாகிவிட்டாள்!

அவசரத்தில் விட்ட பிழை என்றே பல பதிப்பாசிரியர்கள் கடந்து போகிறார்கள். இருக்கலாம். ஆனால் லயனல் மூன்றாவது மகனா நான்காவது மகனா என்பதில் ஷேக்ஸ்பியருக்குக் கவனம் தப்பவில்லை. அந்த வரிசையில்தான் நாடகமே நிற்கிறது. ஆண்பிள்ளைகளின் வரிசை பிழைத்தால் ஒரு ராச்சியம் கவிழும். பெண்பிள்ளைகளின் வரிசை பிழைத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வாரிசுரிமை பற்றிய நாடகம் ஒன்றில், அந்த வாரிசுரிமையின் நியாயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தென்படவில்லை. ஆசிரியர் நினைத்துச் செய்யாமல் காட்டியது.

இசபெல் எந்த நாடகத்திலும் மேடைக்கு வருவதில்லை. அவளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1470 ஏப்ரலில் கிளர்ச்சி தோற்று வோரிக் குடும்பத்தோடு கப்பலேறினார். கலே கோட்டைக்கு அவர் பதின்மூன்று, பதினான்கு வருஷம் தளபதி. ஆனால் கோட்டை அவருக்குக் கதவு திறக்கவில்லை. கப்பலில் இசபெல்லுக்குப் பிரசவ வேதனை. உள்ளேயிருந்து கொஞ்சம் வைன் மட்டும் அனுப்பிவைத்தார்கள். குழந்தை தங்கவில்லை. பதினெட்டு வயதுத் தாய். அந்தக் கப்பலில் அவளோடு தங்கச்சி இருந்தாள். உம்மாவும் இருந்தார்.

"உம்மா எங்க டீச்சர்?" என்றால், அங்கேதான் இருந்தார் மகள். கப்பலில்.

5

1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு. பார்னெட்டில் கடும் பனிமூட்டம். ஒக்ஸ்ஃபோர்ட் பிரபுவின் நட்சத்திரச் சின்னத்தை எட்வேர்டின் சூரியச் சின்னம் என்று எண்ணி வோரிக்கின் ஆட்களே தங்கள் பக்கத்தாரை அடித்தார்கள். வோரிக்கும் தம்பி மொன்டகியூவும் மாண்டார்கள். நாடகத்தில் இந்தப் பனிமூட்டம் இல்லை. அதற்குப் பதிலாக ஷேக்ஸ்பியர் ஒரு மரணப் பேச்சைத் தருகிறார்: வெட்டுண்டு விழும் பெருமரமாகத் தன்னைக் கண்டு, தோட்டங்களும் மாளிகைகளும் தன்னைவிட்டுப் போக, தன் உடல் நீளத்து மண்ணே மிச்சம் என்று உணரும் பேச்சு. நான் வாசித்த மரணப் பேச்சுகளில் சிறந்தவற்றுள் ஒன்று. இந்த ஒரு பேச்சுக்காக ஷேக்ஸ்பியருக்கு நிறைய மன்னிக்கலாம்.

ஆனால் அவர் விட்டுப்போவதாகச் சொல்லும் மாளிகைகளில் பாதி மனைவியுடையவை. அவை எங்கும் போய்விடவில்லை. அங்கேதான் கதை தொடர்கிறது.

மனைவி ஆன் போஷம்ப், இங்கிலாந்துக் கரையில் இறங்கியதும் கணவர் செத்த செய்தியைக் கேட்டு போலியூ மடத்தில் தஞ்சம் புகுந்தார். மே 4இல் டியூக்ஸ்பரியில் மருமகனான இளவரசன் கொல்லப்பட்டான். இளைய மகள் ஆன் 14 வயதில் விதவை. மூத்த மருமகன் கிளாரன்ஸ் ஏற்கனவே அண்ணன் எட்வேர்டோடு சேர்ந்துவிட்டான். முழுச் சொத்தையும் தானே எடுக்க அவனுக்கு ஆசை. குளோஸ்டர் ரிச்சட் ஆனைக் கட்டக் கேட்டபோது, கிளாரன்ஸ் அவளைச் சமையற்காரி வேஷத்தில் லண்டனில் ஒளித்துவைத்தான் என்றும், ரிச்சட் தேடிக் கண்டுபிடித்தான் என்றும் குரோலண்ட் மடத்து வரலாறு சொல்கிறது.

'மூன்றாம் ரிச்சட்'டில் ஒரு புதிர் உண்டு. ஆனைக் கட்டுவதற்குக் காதல் காரணமில்லை, வேறோர் இரகசியக் காரணம் இருக்கிறது என்று ரிச்சட் சபையோரிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த இரகசியம் என்ன என்று நாடகம் கடைசி வரைக்கும் சொல்வதில்லை. பிரேதத்தின் பக்கத்தில் நின்று அவளை மயக்கும் காட்சியில் நாம் சொக்கிப்போய் அதைக் கேட்கவும் மறந்துவிடுகிறோம். வரலாற்றை வாசித்தால் இரகசியம் ஒன்றுமில்லை. நிலம்!

அந்த நிலத்துக்கு ஒரு தடை இருந்தது. உரியவர் உயிரோடு இருந்தார். மடத்திலிருந்து ஆன் போஷம்ப் எழுதிய மனு இருக்கிறது. எழுதுவதற்கு ஆளில்லாமல் தன் கையாலேயே கடிதங்கள் எழுதியதாக அதில் சொல்கிறார். அரசனுக்கு, மருமகன்மாருக்கு, அரசிக்கு, அரசனின் தாய்க்கு. அரசனின் தாய் வேறு யாருமல்ல, கணவரின் சொந்த மாமி சிசிலி நெவில். எழுதியும் பலன் கிடைக்கவில்லை. 1474இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது: இவர் இயற்கையாகவே இறந்துவிட்டவர் போலக் கருதி, சொத்தை மகள்மார் வழியாக இரு மருமகன்மாருக்கும் பங்கிடுவது. உயிரோடிருக்கும் ஒரு பெண்ணை எழுத்தில் மௌத்தாக்கி எடுத்த சொத்து! அவர் அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் வாழ்ந்தார். 1476இல் இசபெல் போனாள். 1478இல் கிளாரன்ஸ் அண்ணன் கட்டளையால் கொல்லப்பட்டான். ஆன் 1483இல் அரசியானாள். அடுத்த வருஷம் ஒரே மகன் இறந்தான். 1485 மார்ச் 16, ஒரு சூரிய கிரகண நாளில், 28 வயதில் அவளும் போனாள். எல்லோரையும் பார்த்துக்கொண்டு உம்மா இருந்தார். 1487இல் ஏழாம் ஹென்றி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தான். திருப்பிக் கொடுத்த கையோடு அதைத் தனக்கே எழுதி வாங்கியும்கொண்டான். 1492இல் அவர் இறந்தார்.

6

"நாடகம் வரலாறு அல்ல" என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் வகுப்பில் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஷேக்ஸ்பியருக்குப் பெண்ணின் குரல் தெரியாது என்றும் நான் சொல்லவில்லை. மார்கிரட்டைப் படைத்தவர் அவர். 'மூன்றாம் ரிச்சட்'டின் ஆன், தன் தகப்பன் வோரிக் என்பதற்காகவே கணவன் தன்னை வெறுக்கிறான் என்று சொல்லும் இடம் ஒன்று போதும். முழுக் குடும்பக் கதையும் அந்த ஒரு கூற்றுக்குள் நிற்கிறது. கிளாரன்ஸ் தனக்குப் பணக்காரப் பெண் தராததற்காக அண்ணனோடு முறுகும் காட்சியும் இருக்கிறது. கல்யாணச் சந்தை எப்படி அரசியலை ஆட்டியது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

தெரிந்தவர் ஏன் இங்கே மட்டும் காணவில்லை? எனக்குத் தோன்றுவது இது: அழும் பெண்ணுக்கும் சபிக்கும் பெண்ணுக்கும் அவருடைய மேடையில் இடம் உண்டு. மனு எழுதும் பெண்ணுக்கு இடமில்லை. தனக்குரியதைப் பெயர், ஊர், அளவு சொல்லிக் கேட்கும் பெண் துன்பியலுக்குள் அடங்குவதில்லை. நமது நாடகங்களிலும் சிறுகதைகளிலும் நாம் உம்மாமாருக்குக் கொடுத்திருக்கும் வசனங்களை எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலும் அழுகைதான். ஷேக்ஸ்பியரை மட்டும் குறை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கொப்பியிலிருந்த பழைய வரியை வெட்டிவிட்டேன். இப்போது அந்த இடத்தில் இருப்பது: 'வோரிக்: மனைவியின் பட்டத்தால் உயர்ந்து, மகள்மாரை வைத்து அரியணைக்கு ஏணி போட்டவர். நாடகத்தில் ஏணி தெரியாது.'

அடுத்த கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கப்பல் கதையையும் மனுவின் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அந்தக் கடிதமெல்லாம் இப்பவும் இருக்கா டீச்சர்?"

"மனு இருக்கு."

"அப்ப அதையே நாடகமா எழுதலாமே."

எழுதட்டும் என்றுதான் நானும் சொன்னேன். அவள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. பரீட்சை முடியட்டும்.